நிழலில் பார்த்த உத்தியோகம்

கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு, எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “அக்கா, நீங்கள் எத்தினை வெடி எடுத்தனீங்கள்?” மாதர் சங்கக் கூட்டத்தில் கேட்கிறார்கள். கோயில் பெருநாளில் கேட்கிறார்கள். முல்லைத்தீவு பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருக்கிறவர்கள்கூட, நான் செய்த வேலையைக் கேள்விப்பட்டதும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒன்றுகூட எடுக்கவில்லை என்று சொன்னால் முகம் சப்பென்று போய்விடுகிறது. அப்படியென்றால் இவ்வளவு காலமும் அங்கே என்னதான் செய்தாய் என்று வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் கண்ணால் கேட்டுவிடுவார்கள்.

அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நான் அந்த வயல்களில் மெடிக் ஆக இருந்தவள். வெடி எடுப்பவர்கள் வெயிலில் முழந்தாளில் நிற்க, நான் தறப்பாள் கட்டிய நிழலில் ஒரு கதிரையில் இருந்தேன். பக்கத்தில் பெரிய மருந்துப் பை, விரித்து வைத்த ஸ்ட்ரெச்சர், வீதியைப் பார்த்து நிற்கிற அம்புலன்ஸ். “நிழல் உத்தியோகம்” என்று என்னைப் பகிடி பண்ணாத ஆள் அந்த வேலையில் இல்லை. பண்ணட்டும். வெடி வெடித்துக் காயப்பட்டவருக்காக அந்தப் பெரிய பையை நான் ஒருநாளும் திறக்கவில்லை. என் குழுவில் வேலைக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் கை கால் முழுசாக வீட்டுக்குப் போனார்கள். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமைதான், அதை மறைக்க நான் என்ன பைத்தியமா?

நான் முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம். அப்பாவும் அண்ணன்மாரும் கடற்றொழில். இடம்பெயர்ந்து அலைந்து ஊருக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் சம்பாதிக்க என்னை விட்டால் ஆளில்லை. கிளிநொச்சியில் வைத்து எனக்குப் பயிற்சி தந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் சொல்லச் சொல்ல, ஒரு தம்பி தமிழில் மாற்றிச் சொல்வார். இரத்தத்தை எப்படி நிறுத்துவது, துண்டான காலை எப்படிக் கட்டுவது, மூச்சு நின்றால் என்ன செய்வது என்று எல்லாம் படித்தோம். பொம்மைக்கும் கட்டினோம், ஒருவருக்கொருவர் கட்டினோம், இருட்டில் கண்ணை மூடிக்கொண்டும் கட்டினோம். நித்திரை இல்லாதவளை எப்படிக் கண்டுபிடிப்பது, காய்ச்சலை மறைக்கிறவளை எப்படிப் பிடிப்பது என்று அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதை நான் ராசன் அண்ணையின் வயலில்தான் கண்டுகொண்டேன்.

ராசன் அண்ணைதான் எங்கள் மேற்பார்வையாளர். ஒட்டுசுட்டானைச் சேர்ந்தவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மெலிந்த, நெடிய மனிசன். சத்தம் போட்டுக் கதைத்ததை நான் கேட்டதில்லை. அவர் கதைத்தால் நாங்கள் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். ஒருநாளும் இருந்துகொண்டு கதைக்க மாட்டார். சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான்.

காலையில் வேலை தொடங்க முதல் எல்லாரையும் பாலை மரத்தடியில் வரிசையாக நிறுத்துவார். முதலில் முகக்கவசம் பார்ப்பார், பிறகு நெஞ்சுக்குப் போடுகிற கனத்த அங்கியைப் பார்ப்பார். அதெல்லாம் எந்த வயலிலும் உள்ளதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் முன்னால் போய் நின்று, முகத்தை நேரே பார்த்து மூன்று கேள்வி கேட்பார்.

“இரவு நித்திரை கொண்டனீங்களோ? காலமை என்ன சாப்பிட்டனீங்கள்? உடம்பில எங்கயும் நோகுதோ?”

எல்லாரும் சேர்ந்து “ஓம் அண்ணை” என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். “சாப்பிட்டனான்” என்றாலும் விடமாட்டார், என்ன சாப்பாடு என்று சொல்ல வேண்டும். ஒருத்தி ஒருநாள் யோசித்து யோசித்து “புட்டு” என்றாள். “புட்டு எண்டு சொல்ல ஏன் பிள்ளை இவ்வளவு நேரம்? அவிச்சு முடியேல்லையோ?” என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். பட்டினி என்று தெரிந்துபோயிற்று. அவர் அவளைத் திட்டவில்லை. “இண்டைக்கு நீங்கள் மெடிக்குக்கு உதவி” என்று சொல்லி என்னிடம் அனுப்பினார். ஏலாமல் நிற்கிற ஆரையும் அவர் அப்படித்தான் அனுப்புவார். மற்றவர்களுக்கு முன்னால் ஒருவருக்கும் வெட்கம் வரக்கூடாது. அப்படி வந்தவர்களுக்கு அன்றைய சம்பளம் வெட்டுப்படாது என்பதையும் அவர் மேலிடத்தில் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு என் வேலை தொடங்கும். வெடி எடுப்பவர்கள் ஆளுக்கொரு லேனில் நிற்பார்கள். லேன் என்றால், கயிறு பிடித்துத் தடி நட்டு வைத்த ஒடுக்கமான பாதை. அதில் முன்னுக்கு முன்னுக்கு மண்ணைக் கிளறித் துப்புரவாக்கிக்கொண்டு போக வேண்டும். நிழலில் இருந்து பார்த்தால் எனக்குத் தெரிவது முதுகுதான். முகம் தெரியாது. ஆகவே நான் முதுகை வாசிக்கப் பழகினேன். சுகமான முதுகு ஒரே தாளத்தில் அசையும். களைத்த முதுகு இடையிடையே நிற்கும், பிறகு அவசரப்படும். முழந்தாளை அடிக்கடி மாற்றுகிறவளுக்கு எங்கேயோ நோகிறது. முகக்கவசத்தை விடாமல் துடைக்கிறவளுக்குக் கண் மங்குகிறது. கிளறின இடத்தையே திரும்பக் கிளறுகிறவளின் தலை அந்த இடத்தில் இல்லை. அப்படி ஒன்றைக் கண்டால் நான் ராசன் அண்ணைக்குச் சொல்வேன். அவர் ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார். முதலில் விசிலை ஊதி ஆளை வெளியே எடுப்பார். பிறகுதான் என்னிடம் திரும்பி, “இப்ப சொல்லுங்கோ ஸ்டெல்லா, என்ன கண்டனீங்கள்?” என்பார். ஒரு மெடிக்குக்கு அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இலட்சுமியை நான் அப்படித்தான் பிடித்தேன். கனகராயன்குளத்துப் பிள்ளை. அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள். எங்கள் குழுவிலேயே திறமான ஆள் அவள்தான். அவள் துப்புரவாக்கிய மண்ணில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்று ராசன் அண்ணையே சொல்வார்.

கச்சான் காற்று அனலாக வீசுகிற ஆவணி மாதம் அது. அன்று இலட்சுமியின் முதுகு சரியில்லை. குந்தி, பின்னுக்குச் சரிந்து, இடுப்போடு நாரியில் கையை வைத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வைத்தாள். பிறகு, கையில் இருந்த சின்ன மண்வெட்டி நழுவி விழுந்தது. இலட்சுமியின் கையில் இருந்து ஒரு பொருள் விழுந்ததை நான் அதுவரை கண்டதில்லை.

“அண்ணை, இலட்சுமியை எடுங்கோ” என்றேன். விசில் போனது.

அவள் கோபத்தோடு வந்தாள். “எனக்கு ஒண்ணும் இல்லக்கா! சும்மா இடுப்பு புடிச்சிருக்கு. அதுக்கு ஏன் வேலைய நிப்பாட்டுறீங்க?”

கையைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. காய்ச்சல் பார்க்கிற கருவியை வைத்தால் ஏறிக்கொண்டே போனது. அவளுடைய தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தது. அந்த வெயிலில், அந்த அங்கிக்குள், ஒரு மிடறும் குடிக்கவில்லை.

“ஏன் பிள்ளை தண்ணி குடிக்கேல்லை?”

அவள் போத்தலை என் கையில் இருந்து வாங்கினாள். பிறகு மெல்லமாகச் சொன்னாள். “குடிச்சா போகணும்ல. போறதுன்னா கையத் தூக்கணும். எல்லாரும் பாப்பாங்க. அந்தக் கூடாரம் டிரைவருங்க டீ குடிக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான இருக்கு. நான் மட்டும் இல்லக்கா, பொம்பளைங்க யாருமே குடிக்கிறதில்ல.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உயிர் போகிற வேலைக்கு வந்த பெண்கள், வெடிக்குப் பயப்படவில்லை. மலசலகூடத்துக்குப் போவதைப் பார்க்கிற கண்களுக்குப் பயந்து தாகத்தோடு கிடந்திருக்கிறார்கள். நானும் ஒரு பொம்பிளைதான். ஆனால் என் கதிரை அந்தக் கூடாரத்துக்குப் பக்கத்தில். நினைத்த நேரம் எழும்பிப் போய் வந்தேன்.

இலட்சுமிக்குச் சிறுநீரகம் வரை கிருமி ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தாள், வீட்டிலும் பல நாள் படுத்தாள். அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து ராசன் அண்ணையிடம் காரணத்தைச் சொன்னேன். வெட்கப்படாமல் பச்சையாகச் சொன்னேன். அவருக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. நிலத்தைப் பார்த்தபடி சப்பாத்து நுனியால் மண்ணில் கோடு கீறிக்கொண்டு நின்றார். கடைசியில் “சரி” என்றார்.

அடுத்தநாள் காலையில் நாங்கள் போனபோது கூடாரம் இடம் மாறியிருந்தது. லேன்களில் இருந்து நேரே போகத் தனிப்பாதை, இரண்டு பக்கமும் தறப்பாள் மறைப்பு. சாரதிகள் தேத்தண்ணீர் குடிக்கிற இடம் வயலின் மற்றத் தொங்கலுக்குப் போயிருந்தது. ஓய்வு நேரத்துக்கு விசில் ஊதினால் பெண்கள் எல்லாரும் ஒன்றாக வெளியே வர வேண்டும், ஒருவரும் தனியாகக் கை தூக்கத் தேவையில்லை என்று சட்டம் வந்தது. அந்த மூன்று கேள்விக்கும் பிறகு எல்லாரும் அவருக்கு முன்னால் தண்ணீர் குடிக்க வேண்டும். அவரும் குடிப்பார். வெறும் தண்ணீர் என்றால் அவருக்குக் கசாயம் குடிக்கிற முகம். ஆனாலும் குடிப்பார்.

போத்தல்களைப் பார்க்கிற பொறுப்பு எனக்கு. ஓய்வு நேரத்தில் ஆருடைய போத்தலாவது கனமாக வந்தால் அவள் என் வாயில் இருந்து தப்ப முடியாது. “போத்தல் பொலிஸ்” என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். வைத்தது இலட்சுமிதான், சுகமாகி வந்த கையோடு. பிறகு மற்றக் குழுக்களில் இருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி செய்தார்கள். அந்தத் தறப்பாள் மறைப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிரும்.

இனி, நான் உண்மையிலேயே சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

சில வருடம் கழிந்து ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரமாக ஒரு வயலில் வேலை செய்துகொண்டிருந்தோம். இலட்சுமி அப்போது குழுத் தலைவி. அந்தக் காணிக்குச் சொந்தக்காரப் புருசனும் பெஞ்சாதியும் நாளாந்தம் சைக்கிளில் வந்து, சிவப்பு நாடாவுக்கு வெளியே நின்று, உள்ளே தெரிகிற தங்கள் கிணற்றுக்கட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவர்கள் கேட்காமல் நிற்பதைத்தான் ராசன் அண்ணையால் தாங்க முடியவில்லை. “இந்தமுறை பொங்கல் பானையை உங்கட கிணத்தடியில வைக்கலாம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்த நாளில் இருந்து அவர் வீட்டில் சரியாகப் படுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. விடிய முதல் வந்து நிற்பார். எல்லாரும் போன பிறகும் நிற்பார்.

மார்கழி முடிகிற நேரம், பனிமூட்டமான ஒரு காலை. வயல் முடிவதற்குக் கொஞ்ச இடம்தான் மிச்சம். துப்புரவாக்கிய லேன்களை மேற்பார்வையாளர் இறங்கிப் பார்த்து முடித்தால் காணியைக் கையளிக்கலாம். நாங்கள் வரிசையில் நின்றோம். ராசன் அண்ணை கவிழ்த்து வைத்த ஒரு தண்ணீர்க் கானில் இருந்துகொண்டு அந்த மூன்று கேள்வியையும் கேட்டார்.

ஒருநாளும் இருந்துகொண்டு கதைக்காத மனிசன். கிட்டப் போனேன். நாங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறோம், அவருடைய மேலுதட்டில் வேர்வை. தாடையோடு நாடியைத் தடவிக்கொண்டு இருந்தார்.

“அண்ணை, என்ன செய்யுது?”

“ஒண்டும் இல்லை ஸ்டெல்லா. வாய்வு. இரவு மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளேல்லை.”

எங்கள் பக்கத்தில் நெஞ்சு நோகிறது என்று ஒருவரும் சொல்வதில்லை, வாய்வு என்றுதான் சொல்வார்கள். வாய்வு என்று சொன்னால் போதும், சுற்றி நிற்கிற எல்லாரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். ஒருத்தி இஞ்சித் தேத்தண்ணீர் ஊற்றினாள். ஒருத்தி பையில் இருந்து ஓமத்தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். இன்னொருத்தி முதுகில் தட்டச் சொன்னாள். அவர் ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பெரிதாக ஒரு ஏவறை விட்டார். “பாருங்கோ, சரியாப் போச்சு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் நிம்மதி.

எனக்கு நிம்மதி இல்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அங்கியை எடுத்து மாட்டினார். முதுகுப் பக்கத்து வாரைப் பூட்ட இடது கையைப் பின்னுக்குக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. மறுபடியும் எடுத்தார், வரவில்லை. “இலட்சுமி, இதை ஒருக்கால் பூட்டிவிடுங்கோ” என்றார். தன் வாரைத் தானே பூட்டி, மற்றவர்களின் வாரையும் இழுத்துப் பார்க்கிற மனிசன் அவர். இலட்சுமி பூட்டினாள். அவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு முதலாவது லேனை நோக்கி நடந்தார். நடை மெல்லமாக இருந்தது. லேனுக்குள் போய் அவர் விழுந்தால் எங்கே விழுவார் என்று பார்த்தேன். மிச்சம் இருந்த அந்தக் கொஞ்ச இடத்தில் வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் வெடி உள்ள நிலம்.

நான் விசிலை ஊதினேன். எல்லாரையும் நிறுத்துகிற விசில்.

எல்லாரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவரும் திரும்பினார். முகக்கவசத்தை உயர்த்திக்கொண்டு என்னிடம் வந்தார். அப்போதும் சத்தம் உயரவில்லை.

“ஆரைக் கேட்டு ஊதினனீங்கள்?”

“உங்களைத்தான் கேட்டனான் அண்ணை, என்ன செய்யுது எண்டு. நீங்கள் பொய் சொன்னனீங்கள்.”

அவருடைய முகம் கறுத்தது. “அந்தச் சனம் வெளியில நிக்குது, தெரியேல்லையோ? இண்டைக்குப் பார்த்து முடிக்காட்டிப் பொங்கலுக்குக் குடுக்க ஏலாது. தள்ளுங்கோ.”

“தள்ள மாட்டன். வேர்க்குது உங்களுக்கு, கை எழும்பேல்லை, நாடி நோகுது. வேற ஆரும் இப்பிடி வந்து நிண்டால் நீங்கள் விடுவீங்களோ?”

“நான் இந்த வயலுக்குப் பொறுப்பு, ஸ்டெல்லா.”

“நான் உங்கட உடம்புக்குப் பொறுப்பு.”

மேலதிகாரியை இப்படி மறித்த மெடிக் யாரும் இருந்ததாக நான் அறியேன். இது வெறும் வாய்வாக இருந்தால் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது, இருந்தாலும் முகம் இருக்காது. அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போக ஒரு அடி எடுத்து வைத்தார்.

அப்போது இலட்சுமி தன் முகக்கவசத்தைக் கழற்றினாள். வேலை முடிந்தால் மாட்டுகிற மரச்சட்டத்தில் கொண்டுபோய் அதை மாட்டினாள். “அண்ணே ஆஸ்பத்திரிக்குப் போகாம நாங்க யாரும் உள்ள இறங்கமாட்டோம்” என்றாள். அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்து முகக்கவசத்தைக் கழற்றி மாட்டினார்கள். கொஞ்ச நேரத்துக்குள் அந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

ராசன் அண்ணை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு “சரி, நடந்து போய் ஏறுறன்” என்றார்.

“நடக்கவும் கூடாது” என்றேன்.

ஸ்ட்ரெச்சரில் படுக்க அவர் பட்ட வெட்கம் எனக்கு விளங்கியது. நாடாவுக்கு வெளியே காணிக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிழமைக்குக் கிழமை நாங்கள் ஆரையாவது காயப்பட்டவராகப் படுக்க வைத்துத் தூக்கிப் பழகுவோம். அவர் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்து “காணாது, இன்னும் கெதியா” என்பார். அன்று அவரைத் தூக்கியவர்கள் பெண்கள்தான். ஒருத்திக்கும் கால் தடக்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து விசயத்தைச் சொல்லி, வைத்தியர் சொன்னபடி அஸ்பிரின் கொடுத்துச் சப்பி விழுங்க வைத்தேன். அம்புலன்ஸ் வெளிக்கிட்ட பிறகுதான் அவர் உண்மையைச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார்.

“விடிய முதலே நொந்தது ஸ்டெல்லா. நெஞ்சில ஆரோ ஏறி இருக்கிற மாதிரி. பத்துப் பதினைஞ்சு நாளா மோட்டார் சைக்கிளை உழக்கி எடுக்கவே களைக்குது.”

“ஏன் அண்ணை சொல்லேல்லை?”

“சொன்னால் நீங்கள் இப்பிடிச் செய்வீங்கள் எண்டு தெரியும்.”

சேசுவே, இந்த மனிசனை இன்னும் கொஞ்சத் தூரம் கொண்டுபோகவிடு என்று நான் வாய்க்குள் மன்றாடிக்கொண்டு அவருடைய கையைப் பிடித்திருந்தேன். நாடித்துடிப்பு என் விரலுக்குள் ஓடியும் நின்றும் தடுமாறியது. ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்காக ஆட்கள் நின்றார்கள். வயர்களைப் பூட்டிப் பார்த்த வைத்தியர், இளம் பிள்ளைதான், “மாரடைப்பு” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார். நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். பின்னேரம் ராசன் அண்ணையின் மனைவி வந்து சேர்ந்தபோது, அவா என் தோளில் சாய்ந்தா. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. இரவாக முதல், உயிருக்கு இனிப் பயம் இல்லை என்று வந்து சொன்னார்கள்.

பொங்கலுக்குக் காணியைக் கையளிக்க முடியவில்லை. வேறு மேற்பார்வையாளர் வந்து பார்த்து முடிக்கத் தைமாதம் போய்விட்டது. காணிக்காரர் ஒரு குறையும் சொல்லவில்லை. நாடாவுக்கு வெளியே, வீதிக்கரையில் கல் வைத்துப் பொங்கினார்கள். ஒரு சட்டி நிறையப் பொங்கலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் அண்ணையின் மனைவியிடம் கொடுத்தார்கள்.

ராசன் அண்ணை தப்பினார். ஆனால் அவரை இனி வயலில் விட ஏலாது என்று வைத்தியர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கந்தோரில் மேசைவேலை தருகிறோம் என்றார்கள். நின்று சாப்பிடுகிற மனிசனுக்குக் கதிரையில் என்ன வேலை? கொஞ்ச நாள் போய்ப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார். என்னோடு அவர் முந்தியைப்போலக் கதைக்கவில்லை. நான் பார்க்கப் போனால் சுகம் விசாரிப்பார், பிறகு முற்றத்துக்குப் போய்விடுவார். “அவருக்கு வீட்டில இருக்கத் தெரியேல்லை, அந்தக் கோபமெல்லாம் உங்களில விடுறார், குறை நினையாதேங்கோ” என்று மனைவி சொல்வா. நான் குறை நினைக்கவில்லை. ஆனால் நொந்தது. நான் செய்தது சரி என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இருந்தாலும், வயலில் அவருடைய இடத்தில் வேறொருவர் நிற்பதைப் பார்க்கிற ஒவ்வொரு காலையும், இந்த மனிசனுக்கு உயிரைவிடப் பெரிதாக இருந்ததை நான்தான் பறித்தேன் என்பது நினைவுக்கு வரும். அப்படி வருடங்கள் போயின. நானும் ஓய்வு பெற்றேன்.

போன வருடம் அவருடைய மகளுக்குக் கலியாணம். அட்டையைக் கொண்டுவந்து தந்தது இலட்சுமி. “கட்டாயம் வரச்சொன்னாரு அண்ணே” என்றாள். முழந்தாள் வீங்கியிருந்தது, இரவும் நித்திரை இல்லை. ஆனாலும் பஸ் மாறி மாறி ஒட்டுசுட்டானுக்குப் போய்ச் சேர்ந்தேன். மண்டபத்து வாசலில் பட்டு வேட்டியோடு அவர் நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் நேரே உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மணவறைக்குப் பக்கத்தில், சொந்தக்காரர் எல்லாரும் நின்ற இடத்தில் நிறுத்தினார்.

“எல்லாரும் இஞ்ச ஒருக்கால் பாருங்கோ. இவா ஆரெண்டு தெரியுமோ? இவாதான் என்னை வேலையால நிப்பாட்டினவா.”

சனம் விழித்தது. சிலர் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்கள். எனக்குக் காது சூடேறியது. எத்தனை வருடக் கோபத்தையும் இந்த மனிசன் இங்கே வைத்தா கொட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“இவா அண்டைக்கு மறிக்காட்டி,” என்றவர் மணவறையைக் காட்டினார். மகள் தலைகுனிந்து இருந்தாள். “இந்தப் பிள்ளையைத் தாரை வாத்துக் குடுக்க இண்டைக்கு வேற ஆரையோ தேடிப் பிடிச்சிருக்கோணும்.”

எப்போதும் மெல்லமாகக் கதைக்கிறவர், அந்த வசனத்தை மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார். அவருடைய மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. இலட்சுமி எனக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள். நான் நிமிர்ந்து நின்றேன். அழுதுகொண்டுதான், ஆனால் நிமிர்ந்து நின்றேன்.

தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்குச் சனம் எழும்பிய நேரம், அவர் என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். முகத்தை நேரே பார்த்தார்.

“நல்லாக் களைச்சுப் போனீங்கள் ஸ்டெல்லா. உள்ளுக்க அறையில கட்டில் இருக்கு.”

“எனக்கு ஒண்டும்…” என்று தொடங்கினேன். அவர் அசையாமல் நின்றார்.

“ஓம் அண்ணை,” என்றேன். “ஏலாமல்தான் இருக்கு.”

அவருடைய மனைவி மின்விசிறியைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனா. வெளியே மேளமும் நாதஸ்வரமும் முழங்கிக்கொண்டிருந்தன. ஒரு கலியாண வீட்டில், நல்ல பட்டப்பகலில், சாப்பாடு பரிமாறுகிற நேரத்தில் நான் நித்திரை கொண்டேன். எழுப்ப வந்த ஒரு சிறுமியை அவர் வாசலில் வைத்தே மறித்துத் திருப்பி அனுப்பினாராம்.